மார்கழியில் கேட்கப்படும் சான்றிதழ்

ஒவ்வோர் ஆண்டும் மார்கழி பிறந்து பத்து நாள் கடந்ததும் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு ஒரு தனி வகையினர் வரத் தொடங்குகின்றனர். அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, கையில் ஒரு தாள் மட்டும் இருக்கும். ஜனவரித் தொடக்கத்தில் சென்னையில் நடைபெறும் மராத்தானுக்குப் பெயர் பதிந்திருப்பார்கள். சிலர் 10 கிலோமீட்டர், சிலர் 21.1 கிலோமீட்டர், துணிந்த ஓரிருவர் முழுத் தொலைவான 42.195 கிலோமீட்டர். அலுவலகத்தில் குழுவாகச் செல்வதால் மருத்துவச் சான்று வேண்டும் என்பார் ஒருவர். "வீட்டில் கேட்கிறார்கள், டாக்டர்" என்பார் மற்றொருவர். "ஓடுவதற்கு உடற்தகுதி உடையவர்" என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் கேட்பது.

அந்த ஒரு வரியை எழுதித் தருவதில்லை என்று எங்கள் துறை மருத்துவர்கள் முடிவு செய்திருக்கிறோம். இதனால் சிலருக்கு எங்கள்மீது வருத்தம் உண்டு. ஓட்டத்தை ஊக்குவிக்க வேண்டிய மருத்துவர்களே தடை போடுவதா என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கும், அவர்களுடைய குடும்பத்தாருக்கும், ஓடவே நினைக்காத எங்கள் மற்ற நோயாளிகளுக்கும் எங்கள் நிலையை விளக்குவது கடமை என்று கருதி இதனை எழுதுகிறோம்.

நாங்கள் கையொப்பமிட்ட ஒரு தாள்

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஐம்பது வயதை நெருங்கிய வணிகர் ஒருவர் இதே போன்ற தாளுடன் வந்தார். அவருடைய குடும்பத்தின் இசைவோடு, அடையாளங்களைத் தவிர்த்து இதனைக் கூறுகிறோம். இரத்த அழுத்தத்திற்கு நாள்தோறும் ஒரு மாத்திரை உட்கொள்பவர். அன்று அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. இ.சி.ஜி. சீராக இருந்தது. கூட்டம் மிகுந்த காலைப்பொழுது. நாங்கள் கையொப்பமிட்டோம்.

நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: "இதுவரை எத்தனை நாள் ஓடிப் பழகினீர்கள்?" பின்னர்தான் தெரிந்தது. ஐப்பசியில் தொடங்க எண்ணியிருக்கிறார், மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகையில் வீட்டில் ஒரு திருமணம். ஆக, 21.1 கிலோமீட்டர் ஓட்டத்திற்கு முன்பு அவர் பழகியது நான்கைந்து காலைகள் மட்டுமே. பாதித் தொலைவைக் கடந்த பிறகு நெஞ்சில் இறுக்கம். வாயு என்று எண்ணி ஒரு சோடா குடித்துவிட்டு, நடந்தே முடித்துப் பதக்கமும் பெற்றார். அன்றிரவு ஊர் திரும்பும் பேருந்தில் இடக்கை வலித்தது. விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார். விடியற்காலையில் எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தபோது மாரடைப்பு ஏற்பட்டுப் பல மணி நேரம் கடந்திருந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் இதயத் தசையின் ஒரு பகுதி மீளவில்லை. இன்று மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

அவருடைய துணைவியார் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "நீங்கள் சரியென்று எழுதிக் கொடுத்தீர்கள் அல்லவா, அதனால்தான் நானும் சரி என்று இருந்துவிட்டேன்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லுக்கு எங்களிடம் விடை இல்லை. அந்த அம்மையாரின் இயல்பான ஐயத்தை எங்கள் கையொப்பம் அடக்கிவிட்டிருந்தது.

சான்றிதழ் சொல்லாதது

படுக்க வைத்து எடுக்கப்படும் இ.சி.ஜி., ஓய்வில் உள்ள இதயத்தின் நிலையை ஒரு சில விநாடிகளுக்குக் காட்டுகிறது. பணிமனையில் நிற்கும் பேருந்தைப் பார்த்துவிட்டு, அது நிறைந்த பயணிகளோடு மலைப்பாதையில் ஏறுமா என்று சொல்ல இயலாது. டிரெட்மில் பரிசோதனை ஓரளவு கூடுதலாகச் சொல்லும். எனினும் இரத்தக் குழாயின் உட்சுவரில் உள்ள சிறிய கொழுப்புப் படிவு எந்த நாளில் வெடிக்கும் என்பதை அதுவும் முன்கூட்டிக் காட்டாது.

உண்மையில் நம்மைக் காப்பது எது? 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இக்கேள்விக்குத் தெளிவான விடை தந்தது. மாரடைப்பிலிருந்து பிழைத்த 1,228 பேரிடம், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டனர். கடும் உடலுழைப்பு நிகழ்ந்த ஒரு மணி நேரத்திற்குள் மாரடைப்பு வரும் வாய்ப்பு, மற்ற நேரங்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ ஆறு மடங்கு. ஆனால் அந்தச் சராசரிக்குள் பெரும் வேறுபாடு ஒளிந்திருந்தது. வாரத்தில் ஐந்து நாளோ அதற்கு மேலோ உடற்பயிற்சி செய்தவர்களுக்கு அது 2.4 மடங்கு மட்டுமே. வாரத்தில் ஒரு நாள்கூட ஒழுங்காகப் பயிலாதவர்களுக்கு 107 மடங்கு.

இந்த எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஒரு குறிப்பிட்ட ஒரு மணி நேரத்தில் ஒருவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மிகமிகச் சிறியது; அதனைப் பெருக்கினாலும் பெரும்பாலோர்க்கு ஒன்றும் நேர்வதில்லை. 2000 முதல் 2010 வரை அமெரிக்காவின் நெடுந்தூர ஓட்டங்களில் கலந்துகொண்ட 1 கோடியே 9 இலட்சம் பேரை ஆராய்ந்தபோது, ஓட்டத்தின்போதோ முடிந்த சற்று நேரத்திலோ இதயம் நின்றுபோனவர்கள் 59 பேர் மட்டுமே. ஆகவே ஓட்டம் ஆபத்தானது என்று நாங்கள் கூறவில்லை. பயிலாத உடலோடு ஒரே நாளில் ஓடுவதுதான் ஆபத்தைக் கூட்டுகிறது என்கிறோம். பயிற்சி பெற்ற உடலில் ஓய்வு நாடித்துடிப்பு குறைகிறது. இரத்தக் குழாய்கள் எளிதில் விரிகின்றன. திடீர் உழைப்பில் இரத்த அழுத்தம் தறிகெட்டு ஏறுவதில்லை. இம்மாற்றங்கள் நிகழ வாரங்கள் வேண்டும். எங்கள் பேனாவால் அவற்றை ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுக்க முடியாது.

நம் ஊரின் குளிர்காலம்

இங்குதான் நம் மாவட்டத்திற்கே உரிய சிக்கல் தொடங்குகிறது. ஜனவரி ஓட்டத்திற்குப் பதினாறு வாரப் பயிற்சி வேண்டுமெனில் புரட்டாசித் தொடக்கத்தில் ஆரம்பிக்க வேண்டும். ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக் காலம். நம் கண்மாய்களும் குளங்களும் நம்பியிருக்கும் மழை அது. வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது நம் மாவட்டம் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. அதன்பின் மார்கழிப் பனி. இவ்வாறு மழையும் பனியுமாகப் பயிற்சிக் காலம் முழுவதும் கழிந்துவிடுகிறது. கடைசிப் பத்து நாளில் அவசர அவசரமாக ஓடிப் பார்த்துவிட்டு எங்களிடம் வருகிறார்கள்.

ஓடாதவர்களிடமும் இதே பழக்கத்தைக் காண்கிறோம். புதுக்குளக் கரையிலும் மாவட்ட விளையாட்டு அரங்கிலும் ஆடி, ஆவணியில் நடந்த நீரிழிவு நோயாளிகளுள் பலர் ஐப்பசியில் நின்றுவிடுகின்றனர். "பனி தலையில் இறங்கும்" என்று வீட்டார் தடுத்துவிடுகின்றனர். தீபாவளி இனிப்பும், நின்றுபோன நடையும், பொங்கல் விருந்தும் சேர்ந்து தை மாதப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவை ஏற்றிவிடுகின்றன. அதனால் மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியதாகிறது.

பனியைப் பற்றிய அச்சத்தை நாங்கள் ஏளனம் செய்யவில்லை. ஆனால் அதனைச் சரியாக அளந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் மார்கழி அதிகாலையிலும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. நெடுந்தூர ஓட்டத்திற்கு உகந்ததாகக் கருதப்படும் வெப்பநிலை 10 டிகிரியை ஒட்டியது. அவ்வகையில் ஓடுபவருக்கு நம் ஆண்டின் மிக நல்ல காலமே மார்கழியும் தையும்தான். சித்திரை வெயிலில் ஓடுவதைவிட இது பன்மடங்கு பாதுகாப்பானது. காதை மூட ஒரு துண்டு போதும். நடையையே நிறுத்த வேண்டியதில்லை.

உண்மையான இடர்கள் வேறு. முதலாவது காற்று. குளிர்ந்த காலைகளில் புகை மேலெழாமல் தரையை ஒட்டியே தங்கிவிடுகிறது. தெருவோரம் எரிக்கப்படும் குப்பையும், போகியன்று எரியும் பழைய பொருள்களும் கலந்த காற்றைத்தான் ஓடுபவர் ஆழமாக, வேகமாக இழுக்கிறார்.

இதற்கு நம் மாவட்டத்து வீராங்கனை ஒருவரின் ஓட்டத்தையே சான்றாகச் சொல்லலாம். புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த எல். சூர்யா, 2016ஆம் ஆண்டு தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றவர். 2017 நவம்பர் 19 அன்று தில்லி அரை மராத்தானை 1 மணி 10 நிமிடம் 31 விநாடியில் ஓடி இந்தியப் பெண்களுள் முதலாவதாக வந்தார். அதே ஓட்டத்தைக் காற்று மாசின் காரணமாகத் தள்ளிவைக்குமாறு இந்திய மருத்துவச் சங்கம் முன்னதாகவே கேட்டுக்கொண்டிருந்தது, வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது, ஓட்டம் நடந்தது. மருத்துவர்களின் அன்றைய கவலை குளிரைப் பற்றியதன்று, காற்றைப் பற்றியது. பல ஆண்டுப் பயிற்சியால் உரமேறிய உடலோடு ஒருவர் அங்கு ஓடி வென்றார் என்பதால், ஆஸ்துமாவோ இதய நோயோ உடையவர்களுக்கும் அந்தக் காற்று ஏற்றது என்றாகிவிடாது. நம் ஊரிலும் புகை மூட்டம் கண்ணுக்குத் தெரியும் காலையில், ஆஸ்துமாவும் இதய நோயும் உடையவர்கள் வெயில் ஏறிய பிறகு நடக்கட்டும். போகியன்று காலை வீட்டுக்குள்ளேயே இருப்பதில் தவறில்லை.

இரண்டாவது ஈரம். மழைநீர் தேங்கிய வயலோரப் பாதையில் காலில் சிராய்ப்போடு நடந்தால் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்களுக்கு நனைந்த காலுறை ஏற்படுத்தும் கொப்புளம் வலிப்பதில்லை. வலிக்காததாலேயே அது புண்ணாகிறது. மூன்றாவது காய்ச்சல். இது டெங்குவின் காலம். காய்ச்சலோடு ஓடினால் இதயத் தசையே அழற்சி அடையக்கூடும். காய்ச்சல் நின்று, உடல் முழுமையாகத் தேறிய பின்னரே மீண்டும் தொடங்க வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், பாதித் தொலைவிலிருந்து. நான்காவது இருள். மூடுபனியில் திருச்சிச் சாலையிலும் தஞ்சாவூர்ச் சாலையிலும் லாரி ஓட்டுநருக்கு நீங்கள் கடைசி நொடியில்தான் தெரிவீர்கள். வெளிர் நிறச் சட்டையும் ஒளியைத் திருப்பும் பட்டையும் அணிந்து, எதிரே வரும் வண்டி கண்ணில் படுமாறு சாலையின் வலப்புறம் செல்லுங்கள். அதைவிட, நெடுஞ்சாலையையே தவிர்த்து விளையாட்டு அரங்கத்தைப் பயன்படுத்துங்கள்.

பதினாறு வாரங்களில் செய்யக்கூடியது

பயிற்சி என்றதும் கடுமை என்று பலர் எண்ணுகின்றனர். நாங்கள் பரிந்துரைப்பது எளிமையானது. முதல் நான்கு வாரம் வேக நடை, இடையிடையே ஓரிரு நிமிட மென்னோட்டம். வாரத்தில் நான்கு அல்லது ஐந்து நாள். ஓடும்போது அருகில் இருப்பவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மூச்சுத் திணறிச் சொற்கள் துண்டானால் வேகம் மிகுதி என்று பொருள். ஐந்தாம் வாரத்திலிருந்து தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம்; வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீண்ட ஓட்டம்; மூன்று வாரம் கூட்டினால் நான்காம் வாரம் சற்றுக் குறைத்து உடலுக்கு ஓய்வு. கடைசி இரண்டு வாரமும் தொலைவைக் குறைத்துவிட வேண்டும். அந்தக் கடைசி இரண்டு வாரத்தில்தான் நம் நண்பர்கள் பயிற்சியைத் தொடங்குகிறார்கள் என்பதை நினைவுகூரவும்.

மழை கொட்டும் நாளில் வீட்டு மாடிப்படியில் இருபது நிமிடம் ஏறி இறங்கலாம். படி இல்லாத வீட்டில் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதைப் பத்துப் பத்தாகச் செய்யலாம். ஒரு நாள் தவறினால் குற்றமில்லை. மறுநாள் இரண்டு நாள் பங்கையும் சேர்த்து ஓடுவதுதான் குற்றம்.

நோயுள்ளோர் கவனிக்க வேண்டியவை சில. ஆஸ்துமா உள்ளவர்கள் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடந்து மூச்சுக்குழாயைப் பழக்கிக்கொண்ட பிறகே ஓட வேண்டும். மருத்துவர் சொல்லியிருந்தால் புறப்படுவதற்குக் கால் மணி நேரம் முன்பு இன்ஹேலரைப் பயன்படுத்தி, அதனைச் சட்டைப்பையிலும் வைத்துக்கொள்ள வேண்டும். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் புறப்படும் முன் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். 90 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் சிறிது உணவு உண்ட பின்னரே புறப்படலாம். 250க்கு மேலிருந்து உடலும் சோர்ந்திருந்தால் அன்று ஓட வேண்டாம். நீண்ட ஓட்டத்திற்குப் பின் அன்றிரவுகூடச் சர்க்கரை தாழக்கூடும் என்பதைத் துணைவரும் அறிந்திருக்க வேண்டும். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உட்கொள்பவர்களுக்கு நாடித்துடிப்பு உழைப்புக்கேற்ப ஏறாது. ஆகவே கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பாமல், மேலே சொன்ன பேச்சுச் சோதனையையே நம்ப வேண்டும். ஓட்ட நாளில் தாமாகவே எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். குடிக்காமல் ஓடுவதைப் போலவே அளவுக்கு மீறிக் குடிப்பதும் தீங்கு. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது தேவைக்கு மேல் நீர் அருந்தி எடை கூடியிருந்தது இதற்கு முதன்மைக் காரணம். பனிக்காலத்தில் தாகத்தின் அளவே நல்ல வழிகாட்டி. சிறுநீரக நோயோ இதயச் செயலிழப்போ உள்ளவர்களுக்கு நீரின் அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். வலி வராமலிருக்க ஓட்டத்திற்கு முன்பே வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். உடலில் நீர் குறைந்த வேளையில் அம்மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

மாரடைப்பின் அறிகுறியை ஓடுபவர் பெரும்பாலும் மறுப்பார். நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, காரணமற்ற வியர்வை, வழக்கத்திற்கு மீறிய மூச்சிரைப்பு, ஓட்டத்தின் நடுவே மயக்கம் ஆகியவற்றுள் எதுவும் வாயு அன்று என்று முதலில் கொள்ளுங்கள். உடனே நிறுத்தி, 108க்கு அழையுங்கள். பேருந்தில் ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னாலும் விடாதீர்கள். குடும்பத்தில் ஐம்பது வயதுக்குள் எவரேனும் திடீரென இறந்திருந்தால், அதனை எங்களிடம் சொல்ல வேண்டியவர்களும் நீங்கள்தான். ஓட ஆசைப்படுபவர் அதனைச் சொல்ல மறந்துவிடுவார்.

மேலே குறிப்பிட்ட அமெரிக்க ஆய்வில் இதயம் நின்ற 59 பேருள் 42 பேர் இறந்தனர். பிழைத்தவர்களைக் காத்தவற்றுள் முதன்மையானது, அருகில் இருந்தவர் உடனே மார்பை அழுத்தி உயிர்ப்பித்ததுதான். மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் அழுத்தும் அந்தச் செயலை எவரும் அரைமணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஒரு வீட்டில் ஒருவர் ஓடுவதானால் மற்றொருவர் இதனைக் கற்றிருக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சான்றிதழ் கேட்டு வருபவர்களுள் பெண்கள் மிகச் சிலரே. மார்கழியில் நான்கு மணிக்கே எழுந்து வாசல் தெளித்துக் கோலமிடுபவர்கள் அவர்கள். பனி அவர்களைத் தடுத்ததில்லை. அந்த விடியலில் தமக்கென்று அரைமணி நேரம் ஒதுக்க வீட்டில் இடமில்லை; தனியே நடக்கத் தெருவில் வெளிச்சமும் இல்லை. நோயாளியைப் பேணும் பெண்களே பின்னாளில் எங்கள் நோயாளிகளாக வருவதைப் பார்க்கிறோம். வீட்டில் ஓட்டக்காரர் ஒருவர் இருந்தால், அவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அடுப்படியைப் பார்த்துக்கொண்டு மற்றவரை நடக்க அனுப்பட்டும். விளையாட்டு அரங்கிலும் நடைபாதைகளிலும் அதிகாலை விளக்குகள் எரிய வேண்டும் என்று நகரத்தார் எல்லோரும் சேர்ந்து கேட்கட்டும்.

ஓடாதவர்களுக்கும் இதுவே

"நான் எங்கே மராத்தான் ஓடப்போகிறேன்?" என்று இதனைப் படிக்கும் பலர் எண்ணலாம். தைப்பூசத்திற்குப் பழனிக்குப் பாதயாத்திரை செல்வோர் நம் மாவட்டத்திலிருந்தும் உண்டு. நம் சாலைகள் வழியாகவும் உண்டு. நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்த நடை எந்த மராத்தானுக்கும் குறைந்ததன்று. மாலை அணிந்து பல நாள் விரதம் காக்கும் பக்தர்கள், அதே நாள்களில் காலையில் இரண்டு கிலோமீட்டரில் தொடங்கி நடையையும் பழகினால், பாதத்தில் புண்ணோடு எங்களிடம் வருபவர்கள் குறைவார்கள். மனத்தை ஆயத்தப்படுத்தும் பக்குவம் நம் மரபில் இருக்கிறது. உடலையும் அவ்வாறே ஆயத்தப்படுத்துங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

எதுவுமே செய்ய இயலாது என்று கருதுவோருக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் கூறியது வாரத்திற்கு 150 நிமிட மிதமான உழைப்பு. ஐந்து நாள், நாளுக்கு அரைமணி. அதனை ஐப்பசி முதல் தை வரை இடைவிடாமல் செய்து முடிப்பவர், எங்கள் பார்வையில், பதக்கம் பெற்றவருக்குக் குறைந்தவர் அல்லர்.

எங்கள் முடிவைக் கடுமையானது என்பவர்களுக்கு இறுதியாக ஒன்று. மார்கழியில் கையொப்பம் மறுக்கப்பட்டதால் கோபித்துக்கொண்டு சென்ற ஒரு நீரிழிவு நோயாளர், மறு ஆண்டு ஆவணி இறுதியில் வந்தார். பரிசோதனைகள் செய்தோம், மாத்திரையின் நேரத்தை மாற்றினோம், பாதங்களைப் பார்த்தோம், ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து அனுப்பினோம். ஐப்பசியில் ஆறு நாள் மழை, கார்த்திகையில் எட்டு நாள் காய்ச்சலும் ஓய்வும் என்று எல்லாம் அதில் எழுதியிருந்தார். மார்கழியில் அந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வந்தபோது, 21 கிலோமீட்டர் வேண்டாம், இந்த ஆண்டு பத்துப் போதும் என்று அவரே சொன்னார். ஓடினார், நலமாகத் திரும்பினார்.

அவருக்கு நாங்கள் சான்றிதழ் எழுதிக் கொடுத்தோம். அந்தக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்திலேயே எழுதினோம். இந்த ஆண்டு ஓட எண்ணுவோர் ஆவணியிலோ புரட்டாசித் தொடக்கத்திலோ வாருங்கள். துணைக்கு வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வாருங்கள். தாள் கொண்டுவர வேண்டாம். ஒரு வெற்றுக் குறிப்பேடு போதும்.